அக்டோபர் 8 விமானப்படை தினம்: 4 விமானத்தில் தொடங்கி 100-வது ஆண்டை நெருங்கும் படை... மெரினா தந்த பாடம் என்ன? மரக்காணம் சாலைக்கு என்ன தொடர்பு?

மரக்காணத்தில் அக்டோபர் மாதம் என்றால் உப்பு வேலை முடிவுக்கு வரும் நேரம். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள், பாத்தியில் இருக்கும் கடைசி உப்பையும் வாரிக் குவித்து மூடிவிட வேண்டும். மழை விழுந்துவிட்டால் அடுத்த ஆண்டு வரை பாத்தி முழுக்க தண்ணிதான்.

அதே அக்டோபரில்தான் விமானப்படை தினமும் வருகிறது. 2024-ல் அந்தக் கொண்டாட்டம் சென்னைக்கே வந்தது. மெரினா மணலில் லட்சக்கணக்கானவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கைதட்டினார்கள். ஆனா, அன்று வீடு திரும்பாதவர்கள் 5 பேர்.

இன்னும் சில ஆண்டுகளில், 2032 அக்டோபர் 8 அன்று, இந்திய விமானப்படை 100 ஆண்டுகளை நிறைவு செய்யப் போகிறது. நாடு முழுக்க பெரிய கொண்டாட்டம் இருக்கும். அதுக்கு முன்னாடி நாம தெரிஞ்சுக்க வேண்டியது என்னென்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக...

• 1932 அக்டோபர் 8: இந்திய விமானப்படை முறைப்படி உருவான நாள்
• 1933 ஏப்ரல் 1: முதல் படைப்பிரிவு கராச்சியில் தொடக்கம்; கையில் இருந்தது 4 விமானங்கள்
• 2024 அக்டோபர் 6: மெரினாவில் 92-வது ஆண்டு சாகச நிகழ்ச்சி, 5 பேர் உயிரிழப்பு
• சென்னை - புதுச்சேரி சாலை: போர் விமானங்கள் அவசரமாகத் தரையிறங்க மத்திய அரசு அறிவித்த இடங்களில் ஒன்று
• 2032: நூற்றாண்டு

அக்டோபர் 8 ஏன்?

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், 1932 அக்டோபர் 8 அன்று இந்திய விமானப்படை முறைப்படி அமைக்கப்பட்டது. அதனால்தான் அந்த நாள் விமானப்படை தினம். ஆனா அன்றைக்கு பறக்க விமானமே இல்ல. அடுத்த ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதிதான் கராச்சியின் டிரிக் ரோடு தளத்தில் முதல் படைப்பிரிவு செயல்படத் தொடங்கியது.

அப்போது இருந்த பலம் என்ன தெரியுமா? பிரிட்டனில் பயிற்சி பெற்ற 6 அதிகாரிகள், 'ஹவாய் சிப்பாய்கள்' என்று அழைக்கப்பட்ட 19 பேர், வெஸ்ட்லேண்ட் வாபிட்டி என்ற இரட்டை இறக்கை விமானங்கள் 4. அவ்வளவுதான். அந்த 6 பேரில் ஒருவரான சுப்ரதோ முகர்ஜிதான் பின்னாளில், 1954 ஏப்ரல் 1 அன்று, விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியானார்.

இரண்டாம் உலகப் போரில் பர்மா களத்தில் ஜப்பானியர்களுக்கு எதிராகச் சண்டையிட்டதற்காக, 1945-ல் பெயருக்கு முன்னால் 'ராயல்' பட்டம் கிடைத்தது. 1950-ல் நாடு குடியரசானதும் அந்தப் பட்டம் கழற்றப்பட்டது. விமானப்படையின் இலச்சினையில் இருக்கும் வாசகம் பகவத் கீதையின் 11-வது அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டது. வானைத் தொடும் பேரொளி என்பது அதன் பொருள்.

90 ஆண்டுகளில் முக்கியமான திருப்பங்கள்

1947: அக்டோபர் 27 அன்று டகோட்டா விமானங்களில் ராணுவ வீரர்கள் ஸ்ரீநகரில் இறக்கப்பட்டனர். காஷ்மீர் போரின் போக்கையே அது மாற்றியது. அதே ரக டகோட்டா ஒன்று 2024-ல் மெரினா வானத்திலும் பறந்தது.

1971: டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தைக் காக்கப் போரிட்டு உயிரிழந்தார் பறக்கும் அதிகாரி நிர்மல்ஜித் சிங் செகோன். விமானப்படையில் பரம்வீர் சக்ரா விருது பெற்ற ஒரே ஆள் இன்றுவரை அவர்தான்.

1987: தமிழர்கள் மறக்க முடியாத பெயர் இது. 'ஆபரேஷன் பூமாலை'. ஜூன் 4 அன்று 5 ஏஎன்-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொருட்களைப் போட்டன. மிராஜ் 2000 போர் விமானங்கள் கூடவே பாதுகாப்புக்குப் பறந்தன. அதற்கு முதல் நாள் படகுகளில் அனுப்பிய உதவிப் பொருட்களை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது.

2016: ஜூன் 18 அன்று முதல் 3 பெண் போர் விமானிகள் பணியில் சேர்ந்தார்கள்.

2025: மே 7 அன்று 'ஆபரேஷன் சிந்தூர்'. அதே ஆண்டு ஜூன் மாதம் குரூப் கேப்டன் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். செப்டம்பர் 26 அன்று, 1963-ல் சேர்ந்த மிக்-21 ரக விமானங்கள் ஓய்வு பெற்றன.

கொண்டாட்டம் எதுக்கு ஊர் ஊராகப் போகுது?

பல ஆண்டுகளாக விமானப்படை தின விழா டெல்லியை ஒட்டிய ஹிண்டன் தளத்தில்தான் நடந்து வந்தது. மக்களுக்கு பக்கத்திலேயே போக வேண்டும் என்ற எண்ணத்தில் 2022-ல் அது மாறியது.

• 2022: சண்டிகர் (சுக்னா ஏரி)
• 2023: பிரயாக்ராஜ் (அங்கேதான் விமானப்படையின் புதிய கொடி அறிமுகமானது)
• 2024: சென்னை (மெரினாவில் சாகசம், தாம்பரத்தில் அணிவகுப்பு)
• 2025: அணிவகுப்பு மறுபடியும் ஹிண்டனில், சாகச நிகழ்ச்சி நவம்பர் 9 அன்று குவாஹாட்டியில், பிரம்மபுத்திரா கரையில்

2024 மெரினா: வானத்தில் என்ன நடந்தது?

சென்னையில் இப்படி ஒரு நிகழ்ச்சி நடந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசியாக நடந்தது 2003-ல். ஒரு தலைமுறையே பார்க்காத காட்சி என்பதால் எதிர்பார்ப்பு எகிறியது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அனுமதியும் இலவசம்.

காலை 11 மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. முதல்வர் மு.க.ஸ்டாலினும், அதற்கு ஒரு வாரம் முன்பு பொறுப்பேற்றிருந்த விமானப்படைத் தளபதி ஏ.பி.சிங்கும் வந்திருந்தார்கள். 72 விமானங்கள், ஹெலிகாப்டர்கள் பங்கேற்றதாக அறிவிக்கப்பட்டது. கருட் கமாண்டோக்கள் பிணைக்கைதிகளை மீட்பது போல ஒத்திகை செய்து காட்டினார்கள். ரஃபேல், சுகோய்-30, தேஜஸ், ஜாகுவார் எல்லாம் வந்தன. சூரியகிரண் குழுவின் ஹாக் விமானங்கள் வானத்தில் மூவர்ணப் புகை விட்டன. கோவை சூலூரைச் சேர்ந்த சாரங் ஹெலிகாப்டர் குழுவும் வந்தது. நம்ம ஊர் குழு என்பதால் கைதட்டல் கொஞ்சம் கூடுதல்.

15 லட்சம் பேர் வரை கூடியதாகச் சொல்லப்பட்டது. பார்வையாளர் எண்ணிக்கையில் சாதனை என்று நாள் முழுக்க பேசப்பட்டது.

தரையில் என்ன நடந்தது?

நிகழ்ச்சி பகல் 1 மணிக்கு முடிந்ததும், வந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். பிரச்சினை அங்கேதான். காமராஜர் சாலை, அதிலிருந்து பிரியும் தெருக்கள், வேளச்சேரி - கடற்கரை பறக்கும் ரயில் பாதையின் நிலையங்கள், அண்ணா சாலைப் பக்கத்து மெட்ரோ நிலையங்கள் எல்லாமே நிரம்பி வழிந்தன. பல கிலோமீட்டர் நடந்தால்தான் வண்டி நிறுத்திய இடம். வழியில் தண்ணீர் கிடைக்காமல் பலர் தவித்தார்கள்.

வெயிலில் மயங்கி விழுந்தவர்கள் மருத்துவமனைகளுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். 5 பேர் உயிரிழந்தார்கள். கூட்ட நெரிசலில் யாரும் இறக்கவில்லை, வெயிலின் பாதிப்புதான் காரணம் என்று சுகாதாரத்துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் விளக்கம் அளித்தார். விமானப்படை கேட்டதைவிட அதிகமாகவே மருத்துவ ஏற்பாடுகள் செய்திருந்ததாகவும், குடை, தொப்பி, தண்ணீர் கொண்டு வரச் சொல்லி முன்கூட்டியே அறிவித்திருந்ததாகவும் அரசு தரப்பு சொன்னது. ஏற்பாடுகள் போதவில்லை என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு தலா 5 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. எதிர்பார்த்ததை விட அதிக மக்கள் வந்துவிட்டார்கள், அடுத்த முறை கூடுதல் கவனம் எடுக்கப்படும் என்று முதல்வரும் தெரிவித்தார்.

அரசியல் வாதம் ஒருபக்கம் இருக்கட்டும். நாம கவனிக்க வேண்டியது வேற. கேட்ட படுக்கைகள் எத்தனை, போட்ட படுக்கைகள் எத்தனை என்ற கணக்கு, ஆள் மயங்கி விழுந்த பிறகு பயன்படும் கணக்கு. விழாமல் இருக்க என்ன வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. அதுக்கு பதில் ரொம்ப சாதாரணமானது: நிழல், தண்ணீர், சரியான நேரம், வெளியே போக வழி.

உப்பளத்துக்காரங்களுக்கு தெரிஞ்ச வெயில் கணக்கு

தூத்துக்குடி, வேதாரண்யத்தைப் போலவே தமிழ்நாட்டில் உப்புக்குப் பேர் போன இன்னொரு ஊர், விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம். ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பளங்கள். தரை வெள்ளை, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, பக்கத்திலேயே கடல்.

இந்த வெயிலை தினமும் பார்ப்பவர்கள் அதற்கு ஏற்ற மாதிரிதான் நாளை அமைத்துக்கொள்கிறார்கள். விடிவதற்கு முன்னாடியே பாத்தியில் இறங்கி, உச்சி வெயில் ஏறுவதற்குள் கரை ஏறிவிடுவது உப்பளத்து வழக்கம். தலையில் துண்டு, கையில் தண்ணி கேன். 11 மணி என்பது உப்பளத்தில் வேலையை முடிக்கிற நேரம். மெரினாவில் நிகழ்ச்சி தொடங்கியதே அந்த 11 மணிக்குத்தான். அதுக்கே இடம் பிடிக்க காலை 7, 8 மணிக்கு வந்து மணலில் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். ஆக, நிகழ்ச்சி 2 மணி நேரம்தான். ஆனா வெயிலில் இருந்தது 5, 6 மணி நேரம்.

கடற்கரை வெயில் ஏன் கூடுதல் ஆபத்து? நம்ம உடம்பு சூட்டைத் தணிப்பது வியர்வையால்தான். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை வழியுமே தவிர சீக்கிரம் காயாது. தண்ணியும் உப்பும் உடம்பை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும், சூடு மட்டும் இறங்காது. நெருக்கமான கூட்டத்துக்குள் காற்றோட்டமும் கிடைக்காது. உடல் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை தாண்டினால் அது வெப்பவாதம். உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. முதியவர்கள், இதய நோய், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

வேற ஊர்களில் எப்படி செஞ்சாங்க?

2022-ல் சண்டிகரில் நிகழ்ச்சி பிற்பகலில், வெயில் சாயும் நேரத்தில் நடந்தது. சுக்னா ஏரிக்கு யார் வேண்டுமானாலும் போய்விட முடியாது. செயலி மூலம் முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் அனுமதி. சொந்த வண்டிகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, அங்கிருந்து பேருந்தில் அழைத்துப் போனார்கள். அதாவது எத்தனை பேர் வரப்போறாங்க என்பது முன்னாடியே கையில் இருந்த கணக்கு.

மெரினாவில் அப்படி முழுக்க முழுக்க செய்ய முடியாது என்பதும் உண்மைதான். அது எல்லாருக்கும் திறந்த கடற்கரை. வேலி போட்டு, டிக்கெட் கொடுத்தால்தான் பார்க்கலாம் என்று சொன்னால், ஏழை எளியவர்கள்தான் முதலில் வெளியே நிற்பார்கள். ஆனா அனுமதியை மூடாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கு. விமானம் பறப்பது வானத்தில். திருவொற்றியூரிலிருந்து கோவளம் வரை கரை நீண்டு கிடக்கிறது. பெரிய திரைகள் வைத்து பல இடங்களில் கூட்டத்தைப் பிரிக்கலாம். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியும் பந்தலும் போடலாம். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாரையும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், கரையிலேயே இசை நிகழ்ச்சி மாதிரி ஏதாவது வைத்து கூட்டத்தை மெல்ல மெல்ல வெளியேற்றலாம். ரயில்களைக் கூட்டலாம்.

தமிழ்நாட்டில் விமானப்படை எங்கெல்லாம் இருக்கு?

தாம்பரம்: விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் பறக்கும் பயிற்றுநர் பள்ளி இங்கே இருக்கிறது. 1948-ல் அம்பாலாவில் தொடங்கி, 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. 2025 நவம்பர் 14 அன்று செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் அருகே ஒரு பிலாட்டஸ் பயிற்சி விமானம் விழுந்தபோது, விமானி பாராசூட் மூலம் உயிர் தப்பினார்.

சூலூர்: தேஜஸ் விமானங்களைப் பயன்படுத்தும் 45-வது படைப்பிரிவும் சாரங் குழுவும் இங்கேதான். 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் பயணித்த ஹெலிகாப்டர் இங்கிருந்து கிளம்பித்தான் குன்னூர் அருகே விபத்துக்குள்ளானது. 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து உயிரிழந்த விங் கமாண்டர் நமன்ஷ் சியாலும் சூலூர் தளத்தைச் சேர்ந்தவர். சாகசம் பார்க்கிறவர்களுக்கு அது சில நிமிடக் காட்சி. ஓட்டுகிறவருக்கோ ஒவ்வொரு நொடியும் உயிரைப் பணயம் வைக்கிற வேலை.

தஞ்சாவூர்: 2020 ஜனவரி 20 முதல் சுகோய்-30 எம்கேஐ விமானங்களின் 222-வது படைப்பிரிவு இங்கே இயங்குகிறது. பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கக்கூடியவை இவை. இந்தியப் பெருங்கடல் பகுதியைக் கண்காணிப்பதுதான் நோக்கம்.

இவை இல்லாமல், இரண்டாம் உலகப் போர்க் காலத்து பழைய ஓடுதளம் ஒன்று மரக்காணத்துக்குத் தென்மேற்கே உளுந்தூர்பேட்டையிலும் இருக்கிறது.

வங்கக் கடலில் மறைந்த 29 பேர்

விமானப்படை தினத்தில் நினைக்க வேண்டிய இன்னொரு தேதி, 2016 ஜூலை 22. அன்று காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் நோக்கிக் கிளம்பியது ஒரு ஏஎன்-32 விமானம். உள்ளே 29 பேர். வங்கக் கடலின் மேல் பறக்கும்போது ரேடாரிலிருந்து மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் ஒரு துண்டுகூட கிடைக்கல.

ஏழரை ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஜனவரியில்தான் பதில் கிடைத்தது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் அனுப்பிய, ஆள் இல்லாமல் இயங்கும் நீர்மூழ்கிக் கருவி கடலடியைப் படம் பிடித்தது. 3,400 மீட்டர் ஆழத்தில் விமானத்தின் சிதைவுகள் தெரிந்தன. அந்தப் பகுதியில் காணாமல் போன வேறு விமானம் எதுவும் பதிவில் இல்லாததால், இது அந்த ஏஎன்-32 விமானத்தினுடையதாகவே இருக்கலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. உடலைக்கூட பார்க்க முடியாத குடும்பங்களுக்கு அந்தப் படங்கள்தான் ஒரு முடிவு.

மரக்காணம் சாலையில் போர் விமானம் இறங்குமா?

இதுதான் இந்தப் பக்கத்து மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. விஷயம் இதுதான்.

2021 செப்டம்பர் 9 அன்று ராஜஸ்தான் மாநிலம் பார்மர் அருகே, தேசிய நெடுஞ்சாலை 925ஏ-யில் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு அவசரகாலத் தரையிறங்கு தளம் திறக்கப்பட்டது. மத்திய அமைச்சர்கள் ராஜ்நாத் சிங், நிதின் கட்கரி இருவரும் சி-130ஜே விமானத்தில் சாலையிலேயே வந்து இறங்கினார்கள். அன்றைக்கு நாடு முழுக்க இதுபோல வரப்போகும் இடங்களின் பட்டியலும் வெளியானது. அதில் தமிழ்நாட்டுக்கான இடம், சென்னை - புதுச்சேரி சாலை.

அந்தச் சாலையில், சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கும் ஊர் மரக்காணம். ஈ.சி.ஆர் என்று நாம சொல்லும் இந்த வழி இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ. இதில் மரக்காணம் - புதுச்சேரி இடையே 46 கிலோமீட்டரை 2,157 கோடி ரூபாயில் நான்குவழிச் சாலையாக்க, 2025 ஆகஸ்ட் 8 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

சாலையில் எதுக்கு விமானம் இறங்கணும்? போர் வந்தால் எதிரி முதலில் குறி வைப்பது விமானத்தளங்களின் ஓடுதளத்தைத்தான். ஓடுதளம் உடைந்துவிட்டால் வானத்தில் இருக்கும் விமானம் எங்கே இறங்கும்? அதுக்குத்தான் மாற்று ஏற்பாடு. புயல், வெள்ளத்தில் நிவாரணப் பொருட்களை இறக்கவும் உதவும்.

எல்லா சாலையும் இதுக்கு சரிப்படாது. ஏறக்குறைய 3 கிலோமீட்டருக்கு மேல் வளைவே இல்லாமல் நேராக இருக்க வேண்டும். விமானத்தின் எடையைத் தாங்கும் அளவுக்கு கான்கிரீட் தடிமனாக இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் தடுப்புகள் கழற்றி எடுக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். இருபுறமும் மரம், மின்கம்பம், கட்டடம் எதுவும் இறக்கையில் படக் கூடாது. தேவைப்படும்போது மட்டும் போக்குவரத்து நிறுத்தப்படும். மற்ற நாளில் அது வழக்கமான சாலைதான்.

நமக்குப் பக்கத்தில் இதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. ஆந்திராவின் பாபட்லா மாவட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை 16-ல், 2022 டிசம்பரிலும் 2024 மார்ச் மாதத்திலும் விமானப்படை இப்படி ஒத்திகை பார்த்தது. இந்தியாவில் இதைத் தொடங்கி வைத்தது ஒரு மிராஜ் 2000. 2015 மே 21 அன்று மதுரா அருகே யமுனா விரைவுச் சாலையில் அது இறங்கியது. 2025 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் கங்கா விரைவுச் சாலையில் இரவிலும் இறங்கிக் காட்டினார்கள்.

பறவைகள் ஒரு பக்கம் இருக்கே?

மரக்காணத்தை ஒட்டி இருக்கும் கழுவேலி, பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் பெரிய உவர்நீர்ச் சதுப்பு நிலம். 2021 டிசம்பரில் 5,151.60 ஹெக்டேர் பரப்பை தமிழ்நாட்டின் 16-வது பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. அக்டோபர் தொடங்கி வலசைப் பறவைகள் கூட்டம் கூட்டமாக இங்கே வரும். உப்பளத்து நீர்நிலைகளில் பூநாரைகளையும் பார்க்கலாம்.

விமானத்துக்குப் பறவை பெரிய ஆபத்து. இன்ஜினுக்குள் ஒரு பறவை போனாலே விபத்து நடக்கலாம். பறவைக்கும் விமானச் சத்தம் ஆபத்துதான். அதனால் இந்தக் கரையில் எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும், சாலை நேரா இருக்கான்னு மட்டும் பார்த்தால் போதாது. பறவைகள் வரும் மாதங்களையும், அவை பறக்கும் பாதையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நிலம், உப்பளம், மீன்பிடி என்று இதை நம்பி வாழ்கிற மக்களிடம் முதலிலேயே விவரம் சொல்வதும் அவசியம்.

போர் மட்டும்தான் வேலையா?

இல்ல. கடலோர மக்கள் விமானப்படையை அதிகம் பார்த்திருப்பது பேரிடர் நேரத்தில்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கார் நிக்கோபார் விமானத்தளமே அழிந்தது. வீரர்களும் அவர்களுடைய குடும்பத்தினருமாக 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த நிலையிலும் மீட்புப் பணி நிற்கவில்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், ராமாபுரத்தில் மொட்டை மாடியில் தவித்த நிறைமாத கர்ப்பிணியை விமானப்படை ஹெலிகாப்டர் தூக்கியது. சில நாட்களில் அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய பயணிகளுக்கும் ஹெலிகாப்டர் உதவி போனது.

இப்போது படையின் நிலை என்ன?

விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமானப் படைப்பிரிவுகள் 42. மிக்-21 ஓய்வு பெற்ற பிறகு இருப்பது 29. இந்த இடைவெளியை நிரப்பத்தான் தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களை நம்பியிருக்கிறார்கள். 97 விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாய் மதிப்பில் எச்.ஏ.எல் நிறுவனத்துடன் 2025 செப்டம்பர் 25 அன்று ஒப்பந்தம் போடப்பட்டது. முன்னாடி போட்ட 83 விமானங்களுக்கான ஒப்பந்தமே இன்ஜின் வரவு தாமதத்தால் இழுத்தடித்தது. நூற்றாண்டு விழாவில் எத்தனை தேஜஸ் பறக்கும் என்பது அந்த வேகத்தைப் பொறுத்தது.

விமானப்படையில் சேரணும்னா?

• பிளஸ் 2 முடித்தவர்கள்: அக்னிவீர் வாயு. வயது பதினேழரை முதல் 21 வரை
• பட்டதாரிகள்: ஏஎஃப்கேட் தேர்வு. ஆண்டுக்கு 2 முறை நடக்கும்
• பிளஸ் 2 இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள்: யுபிஎஸ்சி நடத்தும் என்டிஏ தேர்வு. பெண்களும் எழுதலாம்

எல்லாத்துக்கும் விண்ணப்பம் ஆன்லைன்தான். பணம் கொடுத்தால் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

அடுத்த ஏர் ஷோவுக்குப் போறீங்களா? இதை சேவ் பண்ணி வெச்சுக்கோங்க

1. ஒத்திகை நாளில் போகலாம். நிகழ்ச்சிக்கு முந்தைய நாட்களில் அதே விமானங்கள் பறக்கும், கூட்டம் குறைவு.
2. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ் பாக்கெட், தொப்பி கட்டாயம். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிங்க.
3. பெரியவங்க, கைக்குழந்தை, கர்ப்பிணிகள் வீட்டில் டிவியில் பார்ப்பதே நல்லது.
4. உள்ளே போகும்போதே வெளியே வரும் வழியைப் பார்த்து வையுங்க. முடிந்த உடனே கிளம்பாமல், நிழல் இருந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டு கிளம்புங்க.
5. கூட்டத்தில் செல்போன் சிக்னல் கிடைக்காது. பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று முன்னாடியே பேசி வையுங்க.
6. தலைசுற்றல், வாந்தி, குழப்பமான பேச்சு இருந்தால் உடனே நிழலுக்குக் கொண்டு போய், உடம்பில் தண்ணீர் தெளித்து விசிறுங்க. மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க. 108-க்கு அழையுங்க.

2032-க்கு முன்னாடி...

4 விமானங்களும் 25 பேருமாகத் தொடங்கிய படை நூறைத் தொடப் போகிறது. அன்றைக்கு சென்னை வானத்திலும் விமானங்கள் பறக்கலாம். ஈ.சி.ஆரில் ஒரு போர் விமானம் இறங்குவதை மரக்காணம் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கவும் செய்யலாம்.

மெரினாவில் பறந்த அத்தனை விமானங்களும் அன்று பத்திரமாகத் தளம் திரும்பின. ஒவ்வொரு விமானமும் எந்த நிமிடம் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு, பல நாள் ஒத்திகை பார்த்ததுதான் காரணம். பார்க்க வருகிறவர்களுக்கும் அதே கணக்கும் அதே ஒத்திகையும் இருந்தால், அடுத்த கொண்டாட்டத்தில் வந்தவர்கள் அத்தனை பேரும் வீடு திரும்புவார்கள்.